தவணை தாங்கும் கறிகள்

நீதிமன்றத்தில் ஒரு வழக்கு எத்தனை மணிக்குக் கூப்பிடப்படும் என்பது கட்சிக்காரருக்கும் தெரியாது, சட்டத்தரணிக்கும் தெரியாது. பதினொரு மணிக்குள் முடியும் என்று நினைத்த பிணை விண்ணப்பம் இரண்டு மணி வரை இழுபடும். நாள் முழுவதும் நடக்கும் என்று இரவிரவாக ஆயத்தம் செய்துகொண்டு போன வழக்கு விசாரணை, சாட்சி வரவில்லை என்ற காரணத்தால் பத்து நிமிடத்தில் ஒத்திவைக்கப்படும். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஆசைப்படுபவர்களுக்கு, அரை மணி நேரச் சமையல் என்று சொல்லித்தரப்படும் குறிப்புகள் அவ்வளவாக உதவுவதில்லை. அரை மணி நேரம் எங்களுக்கும் கிடைக்கும். அது காலை ஐந்தரைக்குக் கிடைக்குமா, இரவு ஒன்பதுக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

அதனால் நான் கறிகளை அடுப்பு நேரத்தை வைத்துப் பிரிப்பதில்லை. தவணை தாங்குமா, அதாவது வழக்கைப்போல் இன்னொரு நாளுக்குத் தள்ளிவைத்தால் கெடாமல் நிற்குமா, தாங்காதா என்று பிரிக்கிறேன். புளி விட்டு வைக்கும் மீன் குழம்பான மீன் புளியாணம் தவணை தாங்கும். இன்று வைத்ததை நாளை சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதி தாங்காது; அன்றே எடுத்து அன்றே முடிக்க வேண்டும். பருப்பு ஒரு தவணை தாங்கும், இரண்டாவதற்கு முகம் சுளிக்கும். தேங்காய்ச் சம்பலுக்கு மத்தியானம் வரையும் பொறுமை கிடையாது. இந்தப் பிரிவு மனத்தில் பதிந்துவிட்டால் வழக்கு நாட்குறிப்பைப் பார்த்தே அந்த வாரச் சமையலை எழுதிவிடலாம்.

என் வீட்டு நிலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியும். கல்லடியில் இருக்கிறேன். மட்டக்களப்பு நகரத்து நீதிமன்றங்களில்தான் பெரும்பாலான வேலை. இடையிடையே களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் போக வேண்டிவரும். வீட்டில் கணவர், உயர்தரம் படிக்கும் மகள், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் அம்மா. இந்தப் பகுதி வழக்கப்படி வீடு மகளுக்குத்தான், ஆகவே காணி உறுதியில் என் பெயர் இருக்கிறது. குசினியில் அந்த உறுதி செல்லுபடியாகாது. அங்கே அம்மா சொன்னதுதான் கட்டளை. கீழே நான் சொல்லப்போகும் பல வேலைகளுக்கு அவர் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். சிலவற்றில் அவர் வென்றார், சிலவற்றில் நான்.

நாட்குறிப்பும் சமையலும்

சனிக்கிழமை மாலை அடுத்த வாரத்துக் கோப்புகளை அடுக்கும்போதே, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே பென்சிலால் ஒரு கறியின் பெயரை எழுதிவிடுங்கள். நீதவான் நீதிமன்ற நாள் என்றால் பட்டியல் நீளம், கூப்பிடும் ஒழுங்கு கையில் இல்லை, காலையில் கட்சிக்காரர்கள் வாசலிலேயே நிற்பார்கள். அந்த நாளுக்கு முதல் நாள் வைத்த கறிதான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நாளில் மத்தியானச் சாப்பாடு வயிற்றில் கனக்கக் கூடாது. சோற்றைக் குறைத்து, பயறோ பிட்டோ எடுத்துப் போவேன். கட்டித் தயிர் நம் ஊரின் பெருமைதான். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், மண்சட்டி தண்ணீரை உறிஞ்சி அதை இன்னும் இறுக்கிவிடும். ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு எழுந்து நின்று கேள்வி கேட்டுப் பாருங்கள். தயிரை இரவுக்கு வையுங்கள்.

கல்முனைக்குப் போகும் நாளில் பயணமே நாற்பது கிலோமீற்றர் போக, நாற்பது வர. அன்று இரவுச் சமையலை நம்பக் கூடாது. உறுதி எழுதும் நாள் மட்டும் சொகுசு. நொத்தாரிசு வேலை வீட்டு அலுவலகத்தில் நடக்கும், அடுப்பில் ஏதாவது மெதுவாக வேகலாம். பூசணிக்காய், பலாக்காய், ஈரப்பலா எல்லாம் அந்த நாளுக்கு.

ஞாயிறு மாலை

நேரத்தைத் தின்பது அடுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தேங்காய் துருவுவதும், சின்ன வெங்காயம் உரிப்பதும், புளி கரைப்பதும்தான் தின்கின்றன. இந்த மூன்றையும் ஞாயிறு மாலையில் முடித்துவிட்டால் வாரநாட்களில் சட்டியை வைத்தவுடன் சமையல் தொடங்கிவிடும்.

தேங்காய்: நான்கு பேர் வீட்டுக்கு வாரத்துக்கு மூன்று காய். திருவலையில் உட்காரும் வேலையைக் கணவருக்குக் கொடுத்திருக்கிறேன்; செய்தி பார்த்துக்கொண்டே துருவுவார், மூளிச் சிரட்டையின் கறுப்பு விழாமல் துருவ மட்டும் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பூவை ஒரு கப் அளவில் சிறு பைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாகப் பரப்பி பிரீசரில் வையுங்கள். உருண்டையாக வைத்தால் உருக அரை மணி எடுக்கும். தட்டையாக வைத்தது வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் இளகிவிடும். அப்படியே பால் பிழியலாம். பாலாகப் பிழிந்து உறைய வைத்தால் இளகும்போது திரிந்ததுபோல் பிரிந்து நிற்கும். கறிக்குப் பரவாயில்லை, சொதிக்குப் பார்வை கெட்டுவிடும். சம்பலுக்கு மட்டும் உறைந்த பூ வேண்டாம். அதற்கு அன்று உடைத்த காய்தான், இதில் அம்மாவின் தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை.

புளி: பழப்புளி 250 கிராம் எடுத்து, கொட்டையும் நாரும் நீக்கி, இரண்டு கப் சுடுதண்ணீரில் அரை மணி ஊறவிடுங்கள். கையால் நன்றாகப் பிசைந்து வடித்து, ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு, கூழ்ப் பதம் வரும்வரை காய்ச்சுங்கள். அலுமினியச் சட்டியில் காய்ச்ச வேண்டாம், புளி உலோகத்தை அரிக்கும். கண்ணாடிப் போத்தலில், ஆறிய பிறகு, ஈரமில்லாத கரண்டி மட்டும் போட்டு எடுத்தால் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று வாரம் நிற்கும். அரைக் கிலோ மீனுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். புளியிலேயே உப்பு இருப்பதால் கறிக்கு உப்பைப் பாதியாகத் தொடங்குங்கள்.

சின்ன வெங்காயத்தை உரித்துக் கழுவாமல், காகிதம் விரித்த பெட்டியில் போட்டு வையுங்கள். கழுவினால் இரண்டாம் நாளே வழுவழுக்கும். நறுக்கியும் வைக்கக் கூடாது; குளிர்சாதனப் பெட்டி முழுக்க வெங்காய மணம் ஏறி, தயிரும் அதையே சொல்லும்.

கறித்தூள் மாதம் ஒரு முறை வேலை. செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 500 கிராம், பெருஞ்சீரகம் 100, நற்சீரகம் 50, மிளகு 50, வெந்தயம் 25, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், ஏனென்றால் வெந்தயம் கருகும் நேரத்தில் மல்லிக்கு இன்னும் மணம் வந்திருக்காது. ஆலையில் கொடுத்து அரைத்து, வீட்டில் காகிதத்தில் பரப்பி ஆறவிட்ட பிறகே போத்தலில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டிபடும். கடைத் தூள் வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. புளியாணத்துக்கு மட்டும் வறுத்தரைத்த தூள் வேண்டும்.

மீன் புளியாணம்

இதுதான் வாரத்தின் முதுகெலும்பு, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீதவான் நீதிமன்ற நாளுக்கு முதல் நாள் இரவு வைக்க வேண்டியது.

பாரை, சூரை, விளைமீன், எதுவானாலும் அரைக் கிலோ. தடித்த துண்டுகளாக வெட்டி மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பத்து நிமிடம் வையுங்கள். மண்சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு அரைத் தேக்கரண்டி வெந்தயம் போடுங்கள். அது பொன்னிறமானவுடன், கறுக்க விடாமல், பதினைந்து சின்ன வெங்காயம் இரண்டாகப் பிளந்தது, எட்டுப் பல் உள்ளி முழுதாக, நான்கு பச்சை மிளகாய், கறிவேப்பிலை. வெங்காயம் வாடியதும் இரண்டு மேசைக்கரண்டி புளிக்கூழையும் இரண்டு மேசைக்கரண்டி கறித்தூளையும் ஒன்றரைக் கப் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். இங்கேதான் அவசரப்படக் கூடாது. தூளின் பச்சை மணம் போய், எண்ணெய் ஓரத்தில் மினுங்கும்வரை ஏழெட்டு நிமிடம் கொதிக்க வேண்டும். மீன் போட்ட பிறகு அந்த மணத்தைப் போக்க நினைத்தால் மீன் கரைந்துவிடும், மணம் அப்படியே நிற்கும்.

இப்போது மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, தீயைக் குறைத்து எட்டு நிமிடம். அகப்பை போடாதீர்கள். துணியால் சட்டியின் கழுத்தைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். அம்மாவுக்கு உரிய இரண்டு துண்டையும் ஆணத்தையும் கடைசி உப்புப் போடுமுன் சின்னச் சட்டிக்கு மாற்றிவிடுவேன். மாற்ற மறந்தால் அவர் எதுவும் சொல்ல மாட்டார், அடுத்த நாள் இரத்த அழுத்தம் அளக்கும் கருவியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்.

தேங்காய்ப்பாலை இதில் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? நாளைக்கு வைக்கும் கறிக்குப் பால் விடக் கூடாது. புளியும் உப்பும் கறியைக் காப்பாற்றும்; பால் அதைக் கெடுக்கும். நம் ஊர் வெக்கையில் பால் விட்ட கறி சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். பாலாணமாகச் சாப்பிட ஆசையென்றால், அடுத்த நாள் பரிமாறும் அளவை மட்டும் தனிச் சட்டியில் எடுத்து, அரைக் கப் முதற்பால் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். ஒரே புளியாணத்திலிருந்து இரண்டு நாளுக்கு இரண்டு கறி.

இரவு முழுவதும் அடுப்பு மேலேயே வைக்கும் வழக்கம் எங்கள் அம்மாக்களுடையது. அவர்கள் படுக்குமுன் ஒரு தடவை, விடியற்காலை ஒரு தடவை கொதிக்க வைத்தார்கள், அதனால் நின்றது. நமக்கு விடியற்காலைக் கொதி நிச்சயமில்லை என்பதால், சூடு அடங்கியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதே சரி. மண்சட்டியோடு வைக்க இடமில்லையென்றால் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மீண்டும் சூடாக்கும்போது ஓரம் கொதித்தால் போதாது, நடுவும் கொதிக்க வேண்டும். சந்தேக நபரை ஒரு தடவைக்கு 14 நாட்கள் வரை விளக்கமறியலில் வைக்கலாம். புளியாணத்துக்கு மூன்று நாள்தான்.

மீன் எப்போது வாங்குவது

கரைவலை மீன் காலையில் வரும். நாங்களோ காலையில் போகிறோம். கல்லடி, நாவலடிப் பக்கம் இருப்பவர்கள் ஆறரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் வரும் வியாபாரியிடம் வாங்கி, செதில் நீக்கிக் குடல் எடுத்து, கழுவி, தண்ணீர் ஒற்றி, பெட்டியில் அடைத்துப் பிரீசரில் போட்டுவிட்டுப் போகலாம். அந்தப் பதினைந்து நிமிடமும் இல்லையென்றால் சந்தையில் வெட்டிக் கொடுப்பவரிடம் கொடுத்து வாங்குங்கள், அந்தக் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

மாலையில் வாங்குபவர்கள் சூரையில் கவனமாக இருக்க வேண்டும். சூரை, கும்பளா போன்ற கருஞ்சதை மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. அது உண்டான பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடிக்கும். பலர் தமக்குச் சூரை ஒவ்வாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களில் சிலருக்கு ஒவ்வாதது அந்த ஒரு நாள் மீனாகத்தான் இருக்கும். ஐஸில் இருந்ததா என்று கேளுங்கள். "இப்பதான் வந்தது மனே" என்ற வாக்குமூலத்தை நம்பாமல் செவுளைத் திறந்து பாருங்கள். செவுள் சிவப்பாக, கண் மேடாக, வயிறு இறுக்கமாக இருந்தால் வாங்கலாம். மாலை நான்கு மணிக்கு ஐஸ் இல்லாத மீன் என்றால் அன்றைக்கு முட்டைக் குழம்பு.

வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில், நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை, கடல் பல நாட்களில் கிடைக்காது. அப்போது நெத்தலிக் கருவாடும் வாவி இறாலும் கைகொடுக்கும். கருவாட்டுக் கறியும் தவணை தாங்கும் இனம்தான். ஆனால் தயவுசெய்து அதை நீதிமன்றத்துக்குக் கட்டிக்கொண்டு வராதீர்கள். சட்டத்தரணிகள் அறைக்கு ஜன்னல் உண்டு, என்றாலும் சக நண்பர்களின் மேற்சட்டைகளும் அங்கேதான் தொங்குகின்றன.

அன்றே முடிக்க வேண்டியவை

சொதிக்குப் பன்னிரண்டு நிமிடம். ஒரு பெரிய வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கால் தேக்கரண்டி வெந்தயம், கொஞ்சம் மஞ்சள், தேவையென்றால் ஒரு தக்காளி. இரண்டாம் பால் ஒன்றரைக் கப் விட்டு வெங்காயம் வெந்ததும் அரைக் கப் முதற்பாலும் உப்பும். முதற்பால் விட்ட பின் அடுப்பை விட்டு நகரக் கூடாது, கிளறிக்கொண்டே நின்று முதல் கொதியில் இறக்க வேண்டும். தேசிக்காய்ப் புளி இறக்கிச் சற்று ஆறிய பிறகு. கொதிக்கும்போது பிழிந்தால் திரியும். அந்த நேரம் கட்சிக்காரர் தொலைபேசியில் அழைத்தால் அழைக்கட்டும்.

முருங்கையிலையைப் பற்றிய பயம் அநாவசியமானது. இலை ஆய்வதற்கு நேரமில்லை என்பதுதானே எல்லோருடைய முறைப்பாடும். கிளைகளை இரவு ஒரு துணியில் இறுக்கச் சுற்றி வையுங்கள். காலையில் உதறினால் பெரும்பாலான இலை தானே உதிரும், மிச்சத்தை உருவிவிடலாம். சட்டியில் கொஞ்சம் எண்ணெய், நறுக்கிய சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், ஒரு தேக்கரண்டி மாசிக் கருவாட்டுத் தூள், பிறகு இலை, உப்பு. மூடி போடாமல் நான்கு நிமிடம், கடைசியில் ஒரு பிடி தேங்காய்ப்பூ. மூடினால் இலை கறுக்கும், கசப்பும் கூடும்.

பிட்டு மத்தியானம் வரை நன்றாக நிற்கும், எடுத்துப்போக வசதியானது. வறுத்த சிவப்பரிசி மா இரண்டு கப், உப்புப் போட்ட சுடுதண்ணீர் முக்கால் கப்பில் தொடங்கி, மா கேட்கும் அளவுக்கு. கையால் பிசைந்தால் கட்டியாகிவிடும். அகப்பைக் காம்பால் கிளறி, பிறகு தம்ளர் விளிம்பால் கொத்தி, சிறு மணிகளாக வந்ததும் தேங்காய்ப்பூ சேர்த்து, ஆவி மேலே வந்த பின் பத்து நிமிடம். உறைந்த தேங்காய்ப்பூவை இதற்குப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் ஈரத்தைக் கணக்கில் எடுத்துத் தண்ணீரைக் குறையுங்கள். இரவில் மிஞ்சிய பிட்டின்மேல் சூடான பாலும் கொஞ்சம் உப்பும் தெளித்து மூடினால் மகள் விரும்பும் பால்பிட்டு.

எடுத்துப்போகும் சாப்பாடு

சோற்றுப் பார்சல் வாங்குவதில் தவறில்லை. வழக்கு இரண்டு மணிக்கு முடிந்தால் அங்கே மீன் முடிந்திருக்கும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்த மாற்று வழி வாய் அகன்ற சுடுதண்ணீர்ப் போத்தல். முக்கால் கப் பாசிப்பயற்றை இரவே ஊறவிடுங்கள். காலையில் ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய போத்தலில் தண்ணீரோடு ஊற்றி இறுக மூடுங்கள். நீங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போது அது தானே வேகும். மத்தியானம் தண்ணீரை வடித்து உப்பும் கட்டாச் சம்பலும் சேர்த்துச் சாப்பிடலாம். கட்டாச் சம்பலில் செத்தல் மிளகாய், வெங்காயம், மாசி, தேசிக்காய் மட்டுமே, தேங்காய் இல்லை. ஆகவே மத்தியானம் வரை கெடாது. இந்த முறையைப் பயறு, பருப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ராஜ்மா என்று விற்கப்படும் சிவப்பு அவரைக்கொட்டையை இப்படி வேக வைக்கவே கூடாது, பத்து நிமிடமாவது முழுக் கொதியில் இருந்தால்தான் அதிலுள்ள நஞ்சு போகும்.

2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் இந்தப் போத்தல் வீட்டின் இரண்டாவது அடுப்பாக இருந்தது. அந்த ஆண்டு மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. பிரீசர் வைத்திருந்தவர்கள் அப்போது தெரிந்துகொண்ட விதி இன்றும் மழைக்காலத்துக்கு உதவும். நிறைந்த பிரீசர் கதவு திறக்காமலிருந்தால் ஏறக்குறைய இரண்டு நாள் குளிரைப் பிடித்து வைக்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். சிறிய பெட்டியென்றால் அதற்கும் குறைவு. இடம் காலியாக இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்புங்கள்.

சோறு விடயத்தில் ஒரே ஒரு சொல். இரவு மிஞ்சியதைப் பழஞ்சோறாக்குவதென்றால் ஆறியவுடனேயே தண்ணீர் ஊற்றுங்கள். சட்டியில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்த சோற்றில் வளரும் கிருமி விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. காலையில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தயிர் சேர்த்தால் நீதிமன்றத்துக்குப் போகுமுன் இதைவிட விரைவான சாப்பாடு இல்லை.

பெண் சட்டத்தரணிகளுக்கு ஒரு குறிப்பு. வெள்ளைச் சேலை கட்டிய பிறகு மஞ்சள் போத்தலைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் உடனே சவர்க்காரம் போடத் தோன்றும். போட்டவுடன் கறை இரத்தச் சிவப்பாக மாறும், ஏனென்றால் காரம் பட்டால் மஞ்சளின் நிறம் அப்படி மாறும். பயப்பட வேண்டாம். நன்றாக அலசி நேர் வெயிலில் காயப்போட்டால் வெயிலே அந்த நிறத்தை வெளுக்க வைக்கும். ஆனால் அன்று காலை உங்களுக்கு வேறு சேலை வேண்டும்.

நண்டுக்கு விடுமுறை வேண்டும்

மாவட்ட நீதிமன்றத்துக்கும் மேல் நீதிமன்றத்துக்கும் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் விடுமுறை வரும். நீதவான் நீதிமன்றத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை, என்றாலும் வாரத்தில் மூச்சு விட இடம் கிடைக்கும். வாவி நண்டை அப்போது வாங்குங்கள். நண்டு சமைப்பதற்கு எடுக்கும் நேரத்தைவிடச் சாப்பிட எடுக்கும் நேரம் அதிகம். கையில் கோப்பு இருக்கும் நாளில் அதைத் தொடுவது நண்டுக்கும் வழக்குக்கும் அநியாயம்.

அளவுக்கு மிஞ்சிய கனம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வயிற்றோட்டை அழுத்தினால் இறுக்கமாக இருக்க வேண்டும். அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றியது, உள்ளே தண்ணீர்தான். உயிர் நண்டை அரை மணி நேரம் பிரீசரில் வைத்தால் மரத்துப்போகும், வெட்டுவது இரு தரப்புக்கும் இலகு. மேலோட்டைக் கழற்றி, பஞ்சுபோன்ற செவுளை நீக்கி, இரண்டாக வெட்டி, பெரிய கால்களை ஒரு தட்டுத் தட்டி வெடிக்க வையுங்கள்.

ஒரு கிலோவுக்கு: ஒரு கப் தேங்காய்ப்பூவை ஒரு மேசைக்கரண்டி அரிசியோடும் ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகத்தோடும் பொன்னிறமாக வறுத்து மையாக அரையுங்கள். சட்டியில் வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை இலை வதக்கி, மூன்று மேசைக்கரண்டி கறித்தூள், நண்டு, உப்பு, ஒரு கப் இரண்டாம் பால். மூடிப் பத்து நிமிடம். பிறகு ஒரு மேசைக்கரண்டி புளிக்கூழும் அரைத்த கூட்டும் சேர்த்து இன்னும் ஏழு நிமிடம். ஓடு செங்கட்டி நிறத்துக்கு வந்து ஆணம் ஓட்டில் ஒட்ட வேண்டும். தண்ணீராக நின்றால் மூடியைத் திறந்து இன்னும் கொஞ்சம் வற்றவிடுங்கள். இரண்டு கைப்பிடி முருங்கையிலையை அடுப்பை அணைத்த பிறகு போட்டு, ஒரு தடவை பிரட்டி மூடுங்கள். அந்தச் சூட்டிலேயே அது வெந்துவிடும்.